பிரச்சினைக்குச் சொந்தக்காரர் யார்? கொழும்பின் மாணவர் ஹேக்கத்தான்களைப் பற்றி

சனிக்கிழமை காலை லேப்டாப், சார்ஜர், ஒரு பெட்ஷீட் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு கம்பஸுக்குப் போகும் பிள்ளை, ஞாயிறு பின்னேரம் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புவது கொழும்பில் பல குடும்பங்களுக்குப் பழகிப்போன விஷயம். கேட்டால் ‘ஹேக்கத்தான்’ என்பார்கள். பரீட்சையும் இல்லை, சம்பளமும் இல்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்து அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்பாடு எளிமையானது. மூன்று முதல் ஐந்து பேர் வரை ஒரு குழு. நேரம் 24 மணித்தியாலம், சில இடங்களில் 36 அல்லது 48. வெள்ளம், குப்பை, டெங்கு, பொதுப் போக்குவரத்து, முதியோர் பராமரிப்பு என ஏதாவதொரு சமூகப் பிரச்சினையை ஏற்பாட்டாளர்கள் கொடுப்பார்கள், அல்லது குழுவே தெரிவு செய்யும். நேரம் முடிவதற்குள் ஓரளவாவது இயங்கும் ஒரு மாதிரியைச் செய்து, நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடத்தில் விளக்க வேண்டும். இடையில் துறையில் வேலை செய்பவர்கள் வழிகாட்டிகளாக வந்து மேசை மேசையாகப் போய்ப் பார்ப்பார்கள். அப்புறம் பரிசு, குழுப்படம், லிங்க்ட்இன் பதிவு.

ஹேக்கத்தான் என்ற இந்த முறை 1999இல் தொடங்கியது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் சிலர் அந்த வருடம் கனடாவின் கல்கரி நகரில் ஒன்றாக உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். பல நாடுகளில் பிரிந்திருந்தவர்கள் ஒரே அறையில் சில நாட்கள் சேர்ந்திருந்தால் மாதக்கணக்கான வேலை முடிந்துவிடும் என்பதே அதன் நோக்கம். பிறகு நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. சமூகப் பிரச்சினைகளின் பக்கம் இது பெரிய அளவில் திரும்பியது 2009இல். கூகுள், மைக்ரோசாப்ட், யாஹூ, நாசா, உலக வங்கி ஆகிய ஐந்தும் சேர்ந்து, அனர்த்த காலத்தில் உதவும் மென்பொருட்களுக்காக ‘ரேண்டம் ஹேக்ஸ் ஆஃப் கைண்ட்னஸ்’ என்ற தொடரை ஆரம்பித்தன. இலங்கையில் இன்று ஐநா அபிவிருத்தித் திட்டத்தின் ‘ஹேக்காடெவ்’ முதல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களின் போட்டிகள் வரை நடப்பவை எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐட்ரிபிள்ஈ நடத்தும் எக்ஸ்ட்ரீம் என்ற நிரல் எழுதும் போட்டியும் 24 மணித்தியாலம்தான், அதிலும் குழுவாகத்தான் இறங்குகிறார்கள். ஆனால் அங்கே கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று உண்டு. நிரலைக் கொடுத்தால் சரியா பிழையா என்று கணினியே சொல்லிவிடும். சமூகப் பிரச்சினைக்கான ஹேக்கத்தானில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. கேள்வியே சரியானதுதானா என்பதைக்கூடக் குழுவே கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

நிரல் எழுதும் திறமையில் நம் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. திறந்த மூல மென்பொருட்களுக்கு, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருட்களுக்கு, மாணவர்களை நிரல் எழுத வைக்கும் கூகுளின் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகத்திலேயே மிக அதிகமான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். எனவே ஒரு செயலியை ஓர் இரவில் கட்டி முடிப்பார்களா என்பது இங்கே கேள்வியே அல்ல. கட்டிவிடுவார்கள். அந்தச் செயலி யாருக்கு வேண்டும், திங்கட்கிழமை காலை அதைக் கையில் எடுக்க யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. பிரச்சினைக்கு ஒரு சொந்தக்காரர் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான மாதிரியும் ஞாயிறு மாலையோடு முடிந்துபோகும்.

சொந்தக்காரர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், காணாமல் போனவர்கள் யார், எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் உணவுப் பொதி குவிந்தது, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை. கொழும்பின் மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டர்களாகக் கூடி, சில வாரங்களுக்குள் சஹனா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பட்டியல் ஆகியவை அதில் இருந்தன.

அது போட்டி அல்ல, பரிசும் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். நிவாரணத்தை ஒருங்கிணைக்க அரசு அமைத்திருந்த தேசிய நடவடிக்கை மையம் அதை உடனே பயன்படுத்தியது. அவசரம் தணிந்த பிறகு லங்கா சாப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதைப் பொறுப்பேற்றுத் திறந்த மூல மென்பொருளாக வளர்த்தது. அதனால்தான் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2006இல் சமூக நலனுக்கான திட்டம் என்ற பிரிவில் ஃப்ரீ சாப்ட்வேர் ஃபவுண்டேஷனின் விருதும் கிடைத்தது. நம் ஊரில் பிறந்த இந்த வேலையைப் பற்றி இன்றைய மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

சமீபத்திய உதாரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, ஜூலை மாதம் கியூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அட்டை வந்தது. மிகக் குறுகிய காலத்தில் செய்யப்பட்ட வேலை. தொழில்நுட்ப ரீதியில் அதில் மாணவர்களால் முடியாதது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அமைச்சு ஒன்று பின்னால் நின்றது, நாட்டின் ஒவ்வொரு எரிபொருள் நிலையத்திலும் அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்ய ஓர் ஆள் நின்றார். 2023 செப்டம்பரில் நிறுத்தப்படும் வரை அது இயங்கியது அதனால்தான்.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். எந்த ஹேக்கத்தானுக்குப் போனாலும் தவறாமல் வரும் ஒரு யோசனை உண்டு. பஸ்ஸில் பெண்கள் தொல்லைக்கு ஆளாகிறார்கள், ஆகவே ஒரு பொத்தான் உள்ள செயலி. அழுத்தினால் வீட்டுக்கும் பொலிஸுக்கும் இருப்பிடம் போகும். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். பிரச்சினையும் உண்மை. பஸ்ஸிலும் ரயிலிலும் பத்தில் ஒன்பது பெண்கள் பாலியல் தொல்லையை அனுபவித்திருக்கிறார்கள் என்று ஐநா சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: அவர்களில் பொலிஸை நாடியவர்கள் மிகச் சொற்பம்.

இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் பொத்தான் எதற்கு? முறையிட வழி தெரியாமல் யாரும் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கான 1938 என்ற இலவச இலக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மட்டக்குளியிலிருந்து சொய்சாபுர போகும் 155ஆம் இலக்க பஸ்ஸில், நெரிசலுக்குள் நிற்கும் ஒரு பெண்ணுக்கு போனை வெளியே எடுப்பதே பெரும்பாடு. எடுத்துச் சொன்னால் நடத்துனர் என்ன செய்வார், பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார், பொலிஸில் எந்த மொழியில் எழுதுவார்கள் என்ற கேள்விகளுக்குள்தான் பிரச்சினை இருக்கிறது. நடத்துனர்களோடு ஒரு மணித்தியாலம் பேசிய குழு, பொத்தானைக் கைவிட்டுவிட்டு வேறெங்காவது போய்ச் சேரும். பேசாத குழு பொத்தானின் நிறத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கும்.

பேசினால் என்ன மாறும் என்பதை நான் வழிகாட்டியாக இருந்த ஓர் இரவில் பார்த்தேன். நான்கு பேர் கொண்ட குழு, தலைப்பு வெள்ள எச்சரிக்கை. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் வீடுகள் எப்படி மூழ்கின என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். களனி கங்கையின் நீர்மட்டத்தைக் கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாறும் ஒரு வரைபடத்தை நள்ளிரவு வரை செய்துகொண்டிருந்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் கணக்கு எங்கோ உதைத்தது. காரணம் தேடியபோது அகப்பட்டது இதுதான்: நீர்மட்ட அறிக்கையில் ஒரே அட்டவணைக்குள், ஆற்றின் மேல்பக்கம் உள்ள ஹன்வெல்ல அளவுகோல் மீற்றரில் இருக்கிறது, கொழும்புக்கு மிக அருகிலுள்ள நாகலகம் வீதி அளவுகோல் அடியில் இருக்கிறது. நாகலகம் வீதியில் 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஹன்வெல்லவில் எச்சரிக்கை மட்டமே 7 மீற்றர். இவர்களின் நிரல் எல்லாவற்றையும் மீற்றர் என்றே எடுத்துக்கொண்டது.

சரி, அதைத் திருத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் முக்கியமான காரியம் நடந்தது. குழுவில் இருந்த மட்டக்குளிப் பிள்ளை வெல்லம்பிட்டியில் இருக்கும் தன் சித்திக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டாள். செய்து வைத்திருந்ததை அவருக்கு விளக்கினாள். சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆறு எத்தனை அடின்னு டிவியிலயும் சொல்றாங்க மகள். எங்க வாசலுக்கு எப்ப வரும்னு தானே யாரும் சொல்றதில்ல.” பிறகு அவர் கேட்டவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பிரிட்ஜை எப்போது மேசைமேல் ஏற்றுவது, கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் எப்போது பைக்குள் போடுவது, மாமியை எப்போது அக்கா வீட்டுக்கு அனுப்புவது. ஒரு வரைபடத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

வரைபடத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டார்கள். விடிவதற்குள் வேறொரு யோசனை உருவானது. 2016இல் தண்ணீர் எந்த ஒழுங்கையில் எவ்வளவு உயரம் ஏறியது என்பது அங்கே வீட்டுச் சுவரில் கறையாகவும் ஆட்களின் நினைவிலும் இருக்கிறது. அதை ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டுப் பதிந்து, நாகலகம் வீதி அளவோடு பொருத்திவிட்டால், ‘இப்போது 5 அடி, உங்கள் ஒழுங்கையின் முனைக்குத் தண்ணீர் வரக்கூடும்’ என்று ஒரு வரி எஸ்எம்எஸ் அனுப்பலாம். மழை வடிகானில் தேங்கி வரும் வெள்ளத்துக்கு இது உதவாது, ஆறு ஏறி வரும் வெள்ளத்துக்கு மட்டுமே. அந்த வரம்பை அவர்களே முன்வைத்தார்கள். இதற்கு நிரல் கொஞ்சம்தான் வேண்டும். கிராம உத்தியோகத்தரும், ஒழுங்கைக்கு இரண்டு பேரும், சில சனிக்கிழமைகளும்தான் அதிகம் வேண்டும்.

அந்த எஸ்எம்எஸ்ஸைத் தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் போகும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70தான். அதிலும் நாம் எண்ணுவது போல அது எண்ணாது. வெல்லம்பிட்டி என்று கையால் எழுதினால் ஏழு எழுத்து. கொம்பு, புள்ளி, விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் யுனிகோட் கணக்கில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிகள் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையில், 13 இடம். ஊர்ப் பெயருக்கே இவ்வளவு போய்விட்டால் மிச்ச இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த பிள்ளையும் மஹரகமையிலிருந்து வந்திருந்த சிங்களப் பையனும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக இரண்டு மொழியிலும் வார்த்தைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவில் நடந்ததிலேயே மிகப் பயனுள்ள வேலை அதுதான் என்பேன். மதிப்பெண் அட்டவணையில் அதற்கு ஓர் இடம்கூட இல்லை.

கொழும்பு ஹேக்கத்தான்களில் மொழி என்பது கடைசியில் சேர்க்கும் ‘மொழிபெயர்ப்புப் பொத்தான்’ ஆகவே இருக்கிறது. உண்மையில் பிரச்சினையின் பாதி அங்கேதான் கிடக்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பாக வரும். பார்வைக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, எஸ்எம்எஸ்ஸில் அனுப்பவும் முடியாது. முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றியதை வரிக்கு வரி ஒருவர் பார்க்கவும் வேண்டும். அரசகரும மொழிகளில் ஒன்றாகத் தமிழ் 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்பில் ஏறிவிட்டது. கோப்புகளில் இன்னும் சரியாக ஏறவில்லை.

மேடையிலும் இதே கதைதான். ஐந்து நிமிட விளக்கம் ஏறக்குறைய எப்போதும் ஆங்கிலத்தில். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, அதிலும் மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்து விடுதியில் இருப்பவருக்கு, பிரச்சினை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்கும். லயத்து வீட்டுக்குக் கடிதம் வந்து சேராத கதையையோ, மருந்துச் சீட்டு விளங்காமல் நிற்கும் அம்மாவையோ அவர் நேரில் கண்டவர். ஆனால் மைக்கைப் பிடிப்பவர் குழுவில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் இன்னொருவர். நடுவர் நுணுக்கமாக ஒரு கேள்வி கேட்கும்போது, பதில் தெரிந்தவர் பின்னால் நின்று லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று மொழிகளில் எதிலும் பேசலாம், உரைபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று அறிவிக்க ஏற்பாட்டாளர்களுக்குப் பெரிய செலவில்லை. உணவுக்கும் டீஷர்ட்டுக்கும் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

அந்த வெள்ளக் குழுவின் யோசனை பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. செமஸ்டர் பரீட்சை வந்தது, ஒருவர் இன்டர்ன்ஷிப் போனார், ஏற்பாடு செய்தவர்கள் அடுத்த வருடத்துக்குப் புதுத் தலைப்புத் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த யோசனையைப் பெற்றுக்கொள்ள யாரையுமே அந்த அறைக்கு அழைத்திருக்கவில்லை.

உலகம் முழுக்க இதுதான் நிலை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, டெவ்போஸ்ட் தளத்தில் பதிவான ஹேக்கத்தான் திட்டங்களை எடுத்து, அவற்றின் நிரல் பின்னாளில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தொடர்ந்து எழுதப்பட்டதா என்று பார்த்தது. மிகப் பெரும்பாலானவை நின்றுபோயிருந்தன. நீண்ட காலம் தொடர்ந்தவற்றோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, குழுவில் பலவகைத் திறமைகள் இருந்தது. மற்றது, திட்டத்தை வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது. நால்வரும் கணினி விஞ்ஞானம் படிப்பவர்களாக இருப்பதைவிட, ஒருவர் தாதியர் துறையிலிருந்தும் ஒருவர் சட்ட பீடத்திலிருந்தும் வந்திருந்தால் நல்லது என்பது எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம்.

சொந்தக்காரரை முன்கூட்டியே உட்கார வைக்கலாம் என்பதற்கும் முன்மாதிரிகள் உண்டு. இந்தியாவில் 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் பிரச்சினைகளை அமைச்சுகளும் திணைக்களங்களுமே எழுதிக் கொடுக்கின்றன. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. எஸ்தோனியாவில் 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக அவசரநிலை அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே 48 மணித்தியால ஹேக்கத்தான் ஒன்றை அரசின் ஆதரவோடு நடத்தினார்கள். அதில் பிறந்த சூவே என்ற உரையாடல் மென்பொருள், மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அரசு இணையத்தளங்களிலேயே ஏறியது. கொழும்பில் மாநகர சபையின் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஒரு பொறியியலாளரை, ஒரு தொடர்மாடியின் குடியிருப்போர் சங்கத் தலைவியை அந்த இரண்டு நாளும் மண்டபத்தில் வைத்திருந்தால் போதும். ஞாயிறு மாலை அவர்களில் ஒருவராவது ‘இதை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் குழுவுக்கே முதல் பரிசு போக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னும் ஒன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், மாதிரிச் செயலிகள் அடையாள அட்டை இலக்கம், முகவரி, நோய் விபரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி எங்கோ ஓர் இலவச சேர்வரில் போட்டுவிட்டு மறந்துபோகின்றன. சோதிப்பதற்குக் கற்பனைத் தரவு போதும். சித்தியின் உண்மையான இலக்கம் தேவையில்லை.

உண்மையான தரவு தேவைப்படும் இடங்களில், அதாவது ஒழுங்கைகளின் வெள்ள வரலாறு, டெங்கு எண்ணிக்கை, பஸ் வழித்தட நேரம் போன்றவற்றில், கடைசி நேரத்தில் கூகுளில் தேடுவது பலன் தராது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கவே தகவல் அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு, அதன் பிறகு தகவலைத் தர இன்னும் 14 நாட்கள். ஆகவே ஆகஸ்டில் ஹேக்கத்தான் நடத்தப்போகும் சங்கம் ஜூன் முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது யுனிகோடில், பிடிஎஃப் அல்லாமல் எக்செல் போன்ற விரிதாளாக வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.